முதல் வார்த்தையிலிருந்து கேட்டால்தான் புரியும்: ஸ்டோரேஜ் டிராஃபிக்கை வயர்ஷார்க்கில் படித்த அனுபவம்

நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெப் டிராஃபிக், டிஎன்எஸ், டிசிபி ஹேண்ட்ஷேக் என்றுதான் போவார்கள். நான் எழுதப்போவது அதன் ஒரே ஒரு மூலையைப் பற்றி. சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் நடுவே ஓடும் கட்டளைகளை அது எப்படிப் பிரித்துக் காட்டுகிறது, எந்த இடத்தில் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் நம்மைத் தவறான வழியில் அனுப்பிவிடுகிறது என்பது மட்டும்தான் இங்கே விஷயம். ஸ்டோரேஜ் வேலையில் இருப்பவர்களில் பலர் இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை, அர்ரே, அதாவது ஸ்டோரேஜ் பெட்டி, தன் லாக்கில் என்ன சொல்கிறதோ அதோடு நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியில் ஸ்கசி கட்டளைகளை, அதாவது சர்வர் டிஸ்க்கோடும் டேப்போடும் பேசும் கட்டளைகளை, இவ்வளவு ஆழமாகப் பிரித்துக் காட்டுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் உரையாடலை ஆரம்பத்திலிருந்து கேட்டால்தான் அதற்குச் சரியாகப் புரியும். பாதியில் வந்து உட்கார்ந்தால் அது ஊகிக்க ஆரம்பிக்கும், அந்த ஊகத்தை நாம் உண்மை என்று எடுத்துக்கொண்டால் அரை நாள் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998இல் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்டது, 2006இல் பெயர் உரிமைச் சிக்கலால் வயர்ஷார்க் ஆனது என்பதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. நம் வேலைக்கு முக்கியமானது அதன் உள்ளமைப்பு. ஸ்கசி கட்டளைகளைப் பிரிக்கும் டிசெக்டர் தனியாக இருக்கிறது, அதற்கு மேலே ஐஸ்கசி (சாதாரண ஐபி நெட்வொர்க்கில் போகும் ஸ்கசி), ஃபைபர் சேனல் (ஸ்டோரேஜுக்கென்றே உள்ள நெட்வொர்க்), யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் என்று எந்த வண்டியில் கட்டளை வந்தாலும் எல்லாம் கடைசியில் அதே இடத்துக்குத்தான் வந்து இறங்கும். அதனால் ஐஸ்கசியில் ஒருமுறை பழகிவிட்டால் ஃபைபர் சேனல் கேப்சரை, அதாவது பிடித்து வைத்த டிராஃபிக் கோப்பை, திறக்கும்போது புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான், 10 பைட் நீளமுள்ள படிக்கும் கட்டளையான ரீட் 10 என்றால் இரண்டிலும் அதே ரீட் 10தான், அதே வடிவத்தில்தான் விரியும்.

ஐஸ்கசி கேப்சர் ஒன்றைத் திறந்தால், 3260 போர்ட்டில் போகும் பாக்கெட்டுகளின் இன்ஃபோ நெடுவரிசையில் கட்டளையின் பெயர், லன் (ஸ்டோரேஜ் தரும் ஒரு சாதனம்) எண், எல்பிஏ (பிளாக்கின் முகவரி), எத்தனை பிளாக் என்று ஒரே வரியில் தெரியும். வேறு போர்ட் பயன்படுத்தியிருந்தால் டிகோட் ஆஸ் வழியாக நாம் சொல்லிக்கொடுக்கலாம். உள்ளே போனால் 48 பைட் ஹெடர், அதன் கடைசி 16 பைட்டில் ஸ்கசி கட்டளையின் சிடிபி, அதாவது கட்டளையே இருக்கும் பைட்டுகள், அதில் ஒவ்வொரு பிட்டுக்கும் விளக்கம். ஹெக்ஸ் 28 என்றால் ரீட் 10, 2ஏ என்றால் ரைட் 10, 88உம் 8ஏயும் அவற்றின் 16 பைட் அண்ணன்கள், 12 என்றால் நீ என்ன சாதனம் என்று கேட்கும் இன்கொயரி, ஏ0 என்றால் ரிப்போர்ட் லன்ஸ். இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த காலம் ஒன்று உண்டு, இப்போது தேவையில்லை.

இதில் வெளியே தெரியாத உழைப்பு ஒன்று இருக்கிறது. கட்டளை ஒரு பாக்கெட்டில் போகும், டேட்டா பல பாக்கெட்டுகளில் வரும், ஸ்டேட்டஸ் இன்னொன்றில் வரும். டேட்டா வரும் பாக்கெட்டில் இது எந்தக் கட்டளைக்கான பதில் என்று எழுதியிருக்காது, டாஸ்க் டேக் என்ற 32 பிட் எண் மட்டும்தான் இருக்கும். இன்கொயரிக்கு வந்த பதிலா, மோட் சென்ஸுக்கு வந்ததா, வெறும் கோப்பின் டேட்டாவா என்று அந்த எண்ணை வைத்துக்கொண்டு பழைய கட்டளையைத் தேடிப் பிடித்தால்தான் தெரியும். வயர்ஷார்க் கோப்பை முதல்முறை படிக்கும்போதே இந்த ஜோடிகளைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பிறகு பதில் பாக்கெட்டைக் கிளிக் செய்தால் கேள்வி எந்த ஃபிரேமில் இருக்கிறது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும், ஃபிரேம் எண்ணை இருமுறை தட்டினால் அங்கேயே கூட்டிப்போகும். நூற்றுக்கணக்கான கட்டளைகள் ஒரே நேரத்தில் பின்னிப் பிணைந்து ஓடும் இடத்தில் இதைக் கையால் செய்வது நடக்காத காரியம்.

ரீட் கட்டளைகளில் ஒரு நுணுக்கம். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் டார்கெட், அதாவது ஸ்டோரேஜ் பக்கம், தனியாக ரெஸ்பான்ஸ் அனுப்பாமல், கடைசி டேட்டா இன் பாக்கெட்டிலேயே ஸ்டேட்டஸை ஏற்றி அனுப்பிவிடலாம். ரெஸ்பான்ஸ் பாக்கெட்டை மட்டும் ஃபில்டர் போட்டுத் தேடி, பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே வரவில்லை என்று பதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பதில் வந்திருக்கும், டேட்டாவோடு சேர்ந்து வந்திருக்கும்.

சரி, அரை நாள் போன கதைக்கு வருகிறேன்.

ஒரு டேப் லைப்ரரியிலிருந்து ரெஸ்டோர் ஓடிக்கொண்டிருந்தது, மிக மெதுவாக. ஐஸ்கசி வழியாக இணைத்திருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்த முடியாது என்பதால் நடுவிலேயே கேப்சரைத் தொடங்கினேன். திறந்து பார்த்தால் ரீட் 6 கட்டளைகள் வரிசையாக, எல்லாமே ஒரே எல்பிஏ, ஹெக்ஸ் 100, நீளம் 0. திரும்பத் திரும்ப அதே இடத்தைப் படிக்கிறதே, ஏதோ ரீட்ரை சுழலில் மாட்டிக்கொண்டுவிட்டது என்று முடிவு செய்து, பேக்கப் மென்பொருளின் ரீட்ரை அமைப்புகளையெல்லாம் நோண்டிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் டேப்புக்கு எல்பிஏ என்பதே அந்தக் கட்டளையில் கிடையாது. ஹெக்ஸ் 08 என்ற கட்டளை எண் டிஸ்க்குக்கும் பொது, டேப்புக்கும் பொது, ஆனால் உள்ளே இருக்கும் பைட்டுகளின் அர்த்தம் வேறு. டேப்பில் 2, 3, 4ஆம் பைட்டுகள் மூன்றும் சேர்ந்து எவ்வளவு படிக்க வேண்டும் என்ற நீளம். அங்கே 01 00 00 இருந்தது, அதாவது 65536 பைட் படி. அதையே டிஸ்க் கட்டளையாக வாசித்தால் 01 00 என்பது எல்பிஏ ஆகிவிடும், கடைசி 00 நீளம் ஆகிவிடும். ஒவ்வொரு கட்டளையும் டேப்பில் அடுத்த 64 கேபியை ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறது. நான்தான் அது ஒரே இடத்தில் நிற்கிறது என்று நினைத்திருக்கிறேன். டேப்பின் லொகேட் கட்டளையும் அப்படித்தான், எண் ஹெக்ஸ் 2பி, டிஸ்க் கண்ணாடி போட்டுப் பார்த்தால் சீக் 10 என்று தெரியும்.

வயர்ஷார்க் ஏன் அப்படிக் காட்டியது? ஒரு லன் டிஸ்க்கா, டேப்பா, டேப்புகளை எடுத்து மாற்றும் மீடியா சேஞ்சரா என்பது இன்கொயரி பதிலின் முதல் பைட்டில்தான் வரும். 0 என்றால் டிஸ்க், 1 என்றால் டேப், 5 என்றால் சிடி, 8 என்றால் சேஞ்சர். சர்வர் இதை ஆரம்பத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்கியிருக்கும். நான் நடுவில் வந்ததால் வயர்ஷார்க் அந்தப் பதிலைப் பார்க்கவே இல்லை, பார்க்காததால் டிஸ்க் என்று வைத்துக்கொண்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அது மறைக்கவில்லை. ஸ்கசி பகுதியை விரித்தால் கமாண்ட் செட் என்ற வரியில், இது டீஃபால்ட்டாக எடுத்துக்கொண்டது என்று சதுர அடைப்புக்குள் எழுதியிருக்கும். ஆனால் அது விரித்தால் மட்டும் தெரிகிற வரி. பட்டியலில், நாம் முதலில் கண் வைக்கிற இன்ஃபோ நெடுவரிசையில், உறுதியாகத் தெரிந்த கட்டளையும் ஊகித்துச் சொன்ன கட்டளையும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒரு சின்னக் குறி, ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால்கூடப் போதும், நான் முதல் நிமிடத்திலேயே விழித்திருப்பேன். இந்தக் கருவியின் மேல் எனக்கு இருக்கும் முதல் பெரிய குறை இதுதான்.

தீர்வு இரண்டு இருக்கிறது. ஸ்கசி பிரிஃபரன்ஸில், இன்கொயரி தெரியாதபோது எப்படிப் பிரிக்க வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம், பிளாக் டிவைஸ், சீக்வென்ஷியல் டிவைஸ், மீடியம் சேஞ்சர் என்று பட்டியல் வரும். டேப் மட்டும் இருக்கும் கேப்சருக்கு இது சட்டென்று வேலை செய்யும், மாற்றிய நொடியே எல்லா வரியும் திருந்திவிடும். ஆனால் ஒரே கோப்பில் டேப்பும் சேஞ்சரும் கலந்திருந்தால் ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும். அப்போது இரண்டாவது வழி: கேப்சரைத் தொடங்கிய கையோடு சர்வரிலிருந்து அந்த லன்களுக்கு நாமே ஒரு இன்கொயரி அனுப்புவது. லினக்ஸில் எஸ்ஜி3 யுட்டில்ஸ் தொகுப்பில் இதற்கென்றே ஒரு சின்னக் கருவி இருக்கிறது, ஓடும் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் கேட்டுவிட்டு வந்துவிடும். அந்தப் பதில் கம்பியில் போவதை வயர்ஷார்க் பார்த்துக்கொள்ளும், அதற்குப் பிறகு ஒவ்வொரு லன்னையும் அதனதன் வகையாகவே பிரிக்கும். இப்போதெல்லாம் நான் டேப் கேப்சர் எடுத்தால் இதைச் செய்யாமல் இருப்பதில்லை.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த பகுதி: பிழைகளைப் படிப்பது. சர்வரின் லாக்கில் ஐஓ எரர் என்று மொட்டையாக ஒரு வரி இருக்கும். அதே நேரத்தில் கம்பியில் என்ன போனது என்று பார்த்தால் செக் கண்டிஷன் என்ற ஸ்டேட்டஸ், அதோடு பிழையின் காரணத்தைச் சொல்லும் சென்ஸ் டேட்டா. அந்தச் சென்ஸ் டேட்டாவைப் பிரித்து, சென்ஸ் கீ என்ன, கூடுதல் குறியீடு என்ன என்று வார்த்தையிலேயே எழுதிக் காட்டுகிறது வயர்ஷார்க். இல்லீகல் ரிக்வெஸ்ட், 21 00, எல்பிஏ எல்லைக்கு வெளியே என்று வந்தால் சர்வர் நினைத்துக்கொண்டிருக்கும் அளவும் உண்மையான லன்னின் அளவும் வேறு என்று புரிந்துவிடும். கொஞ்சம் முன்னால் போய்த் தேடினால் யூனிட் அட்டென்ஷன், 2ஏ 09, கொள்ளளவு மாறிவிட்டது என்று ஸ்டோரேஜ் ஒழுங்காக அறிவித்திருப்பதும், சர்வர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டதும் கூடத் தெரியும். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் இந்த இரண்டு ஃபிரேம் எண்களை எடுத்து வைத்தால் பேச்சு முடிந்துவிடும்.

பல சர்வர்கள் ஒரே லன்னைப் பகிரும் கிளஸ்டர் வேலை செய்கிறவர்களுக்கு, அந்த லன்னில் யாருக்கு உரிமை என்று தீர்மானிக்கும் பெர்சிஸ்டன்ட் ரிசர்வ் கட்டளைகளை அது விரிக்கும் விதம் பெரிய வரம். எந்த நோட் (கிளஸ்டரில் உள்ள சர்வர்) எந்தக் கீயைப் பதிவு செய்தது, யார் யாரை வெளியே தள்ளியது, யாருக்கு ரிசர்வேஷன் கான்ஃப்ளிக்ட் கிடைத்தது என்று நேர வரிசையில் படிக்கலாம். நள்ளிரவில் ஒரு நோட் இன்னொன்றைத் தள்ளிவிட்ட கதையை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் லாக் எதுவும் என் கையில் சிக்கியதில்லை.

இப்போது தாமதத்தைப் பற்றி. ஸ்டோரேஜ் மெதுவாக இருக்கிறது என்ற புகார் வந்தால் வழக்கமாக என்ன நடக்கும்? நெட்வொர்க் ஆட்கள் ஸ்டோரேஜைக் கைகாட்டுவார்கள், ஸ்டோரேஜ் ஆட்கள் நெட்வொர்க்கைக் கைகாட்டுவார்கள், இருவரும் சேர்ந்து சர்வரைக் கைகாட்டுவார்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மெனுவில் சர்வீஸ் ரெஸ்பான்ஸ் டைம் என்ற இடத்தில் ஸ்கசி என்று தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு கட்டளைக்கும் எத்தனை முறை, குறைந்தபட்ச நேரம், அதிகபட்சம், சராசரி என்று அட்டவணை வந்துவிடும். வயர்ஷார்க்கின் கட்டளை வரி வடிவமான டிஷார்க்கிலும் இதையே எடுக்கலாம், அங்கே டிஸ்க்குக்கு 0, டேப்புக்கு 1, சேஞ்சருக்கு 8 என்று வகை எண்ணைச் சொல்ல வேண்டும்.

ஒரு டேட்டாபேஸ் சர்வரில் அப்படிப் பார்த்தபோது ரைட் கட்டளைகளின் சராசரி நன்றாகவே இருந்தது, அதிகபட்சம் மட்டும் ஒரு நொடியை ஒட்டி இருந்தது. அட்டவணை அதோடு நின்றுவிடுகிறது. எந்தக் கட்டளை, எங்கே நேரம் போனது என்று அது சொல்லாது. அதனால் பதில் நேரத்தை ஒரு நெடுவரிசையாகச் சேர்த்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, முதலில் நின்ற ரைட் ஒன்றை எடுத்து, அதன் டாஸ்க் டேக்கை வைத்து ஃபில்டர் போட்டேன். அப்போது அந்த ஒரு ரைட்டின் முழு வாழ்க்கையும் சில வரிகளில் வந்து நின்றது: சர்வர் கட்டளையை அனுப்புகிறது, டார்கெட் ஆர்2டி அனுப்புகிறது, அதாவது இடம் தயார், டேட்டாவை அனுப்பு என்கிறது, சர்வர் டேட்டா அவுட் அனுப்புகிறது, கடைசியில் டார்கெட்டிடமிருந்து ரெஸ்பான்ஸ் வருகிறது.

இந்த நாலு புள்ளிகளுக்கு நடுவே உள்ள மூன்று இடைவெளிகளைப் பார்த்தாலே போதும். கட்டளைக்கும் ஆர்2டிக்கும் நடுவே நேரம் போயிருந்தால் டார்கெட்டில் டேட்டாவை வாங்க இடம் இல்லை. ஆர்2டிக்கும் டேட்டா அவுட்டுக்கும் நடுவே போயிருந்தால் சர்வர்தான் அசையவில்லை. கடைசி டேட்டா அவுட்டுக்கும் ரெஸ்பான்ஸுக்கும் நடுவே என்றால் டேட்டா போய்ச் சேர்ந்துவிட்டது, ஸ்டோரேஜ் அதை எழுதி முடித்துப் பதில் சொல்ல நேரம் எடுக்கிறது. இவற்றுக்கு நடுவே டிசிபி ரீடிரான்ஸ்மிஷன்கள் கண்ணில் பட்டால் அப்போதுதான் நெட்வொர்க்கைப் பார்க்க வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை, கேப்சரை எந்த முனையில் எடுத்தோம் என்பதை மறக்கக் கூடாது. சர்வர் பக்கம் எடுத்தால் டார்கெட்டின் தாமதத்தோடு போய்வரும் வழியின் நேரமும் சேர்ந்தேதான் தெரியும்.

என் வழக்கில் ஏறத்தாழ முழு நேரமும் கட்டளைக்கும் ஆர்2டிக்கும் நடுவே போயிருந்தது. ரீடிரான்ஸ்மிஷன் ஒன்றுகூட இல்லை. கேச் நிரம்பி வழிகிறது என்று ஸ்டோரேஜ் பக்கம் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான். இமீடியட் டேட்டா அனுமதித்திருந்தால் சின்ன ரைட்டுகளில் டேட்டா கட்டளையோடு சேர்ந்தே போய்விடும், அவற்றுக்கு ஆர்2டியே இருக்காது, அந்த ரைட்டுகள் வேகமாக இருப்பதும் பெரியவை மட்டும் தேங்குவதும் அதனால்தான். இமீடியட் டேட்டா உண்டா, ஆர்2டிக்குக் காத்திராமல் அனுப்பும் முதல் பர்ஸ்ட் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் லாகின் சமயத்தில் இரு பக்கமும் பேசி முடிவு செய்வது. அந்த லாகின் பாக்கெட்டுகளை வயர்ஷார்க் சாவி, மதிப்பு என்று ஒவ்வொரு வரியாகக் காட்டும். ஆனால் லாகினைப் பிடித்திருந்தால்தானே.

மூன்று இடைவெளிகளையும் பிரித்து அட்டவணை போட்டுத் தரும் வசதி வயர்ஷார்க்கில் இருந்திருந்தால் அந்த ராத்திரி எனக்கு இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். நேரங்கள் எல்லாம் கோப்புக்குள்ளே இருக்கின்றன, டிஷார்க்கில் தேவையான புலங்களை மட்டும் உருவி ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டில் போட்டு நானே கணக்கிட்டுக்கொள்கிறேன். நன்றாக வேலை செய்கிறது, இருந்தாலும் எல்லோருக்கும் தேவைப்படுகிற கணக்கு இது, கருவிக்குள்ளேயே இருக்க வேண்டியது. டார்கெட் திறந்து வைத்திருக்கும் கட்டளைச் சாளரமும் அப்படித்தான். மேக்ஸ் சிஎம்டி எஸ்என், எக்ஸ்பெக்டட் சிஎம்டி எஸ்என் என்று இரண்டு எண்கள் ஒவ்வொரு பதிலிலும் வருகின்றன, முதலாவது இரண்டாவதைவிட ஒன்று குறைவாக இருந்தால் சாளரம் மூடிவிட்டது, சர்வர் புதுக் கட்டளை அனுப்பவே முடியாது. எண்கள் திரையில் இருக்கும், கழித்துப் பார்க்க வேண்டியது நாம்தான்.

கேப்சர் எடுப்பதில் நான் செய்த தவறுகளை மற்றவர்களும் செய்வதைப் பார்க்கிறேன் என்பதால் அதையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 10 ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 1.25 ஜிபி, ஒரு நிமிடத்தில் 75 ஜிபி. அவ்வளவையும் சேமிக்க முடியாது என்று ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 128 பைட் மட்டும் போதும் என்று வெட்டிவிடத் தோன்றும். கணக்கும் சரியாகத்தான் வரும்: ஈதர்நெட் 14, ஐபி 20, டைம்ஸ்டாம்போடு டிசிபி 32, ஐஸ்கசி ஹெடர் 48, மொத்தம் 114. ஆனால் ஐஸ்கசி ஹெடர் எப்போதும் டிசிபி செக்மென்ட்டின் தலையில்தான் தொடங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. டிசிபி என்பது ஓடும் நீர் மாதிரி, முந்தைய டேட்டா எங்கே முடிகிறதோ அங்கேயே அடுத்த ஹெடர் தொடங்கும், செக்மென்ட்டின் நடுவில், நாம் வெட்டி எறிந்த பகுதியில். வெட்டப்பட்ட பாக்கெட்டுகளை வயர்ஷார்க்கால் ஒட்டிச் சேர்க்கவும் முடியாது. விளைவு, பாதிக் கட்டளைகள் கண்ணிலேயே படாது, பதில் நேர அட்டவணையில் ஓட்டை விழும். சர்வரிலேயே கேப்சர் எடுக்கும்போது இன்னும் மோசம், நெட்வொர்க் கார்டின் ஆஃப்லோட் வசதி பல செக்மென்ட்டுகளைச் சேர்த்து ஒரே பெரிய பாக்கெட்டாகக் காட்டும், அதில் முதல் 128 பைட்டை மட்டும் வைத்துக்கொண்டால் உள்ளே புதைந்த ஹெடர்கள் எத்தனை என்றுகூடத் தெரியாது. வெட்டாமல் முழுசாக எடுங்கள், நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரே ஒரு டார்கெட் முகவரிக்கு மட்டும் கேப்சர் ஃபில்டர் போடுங்கள்.

வயர்ஷார்க்கோடு வரும் கேப்சர் கருவியான டம்ப்கேப்பில் ரிங் பஃபர் போட்டு, கோப்புகள் சுழன்றுகொண்டே இருக்க, பிரச்சினை வரும்போது நிறுத்துவது நல்ல வழிதான். ஆனால் சுழலும்போது முதலில் அழிவது எது? லாகினும் இன்கொயரியும் இருந்த முதல் கோப்பு. பிறகு டேப்பை டிஸ்க்காகப் படிக்க ஆரம்பிப்போம். முன்பு சொன்ன இன்கொயரி வேலையை அவ்வப்போது செய்துவிட்டால் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பதில் இருக்கும். பெரிய கோப்பை நேரடியாக வயர்ஷார்க்கில் திறக்காமல் அதோடு வரும் எடிட்கேப் கருவியில் நறுக்கிக்கொள்ளுங்கள், மெமரி தாங்காது. நறுக்கும்போதும் அதே கவனம் வேண்டும்.

டைஜஸ்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெடருக்கோ டேட்டாவுக்கோ சிஆர்சி32சி சரிபார்ப்பு பேசி முடிவாகியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 4 பைட் கூடுதலாக வரும். பிரிப்பது திடீரென்று தடம் புரண்டு அர்த்தமற்ற கட்டளைகள் வர ஆரம்பித்தால், ஐஸ்கசி பிரிஃபரன்ஸில் டைஜஸ்ட் அமைப்பை முதலில் பாருங்கள். ஐபிசெக் அல்லது டிஎல்எஸ் போட்டு மூடிய டிராஃபிக் என்றால் சாவி இல்லாமல் கட்டளைகள் எதுவும் தெரியாது.

ஃபைபர் சேனலுக்கு டிசெக்டர் நன்றாகவே இருக்கிறது, கஷ்டம் டிராஃபிக்கைக் கையில் வாங்குவதில்தான். சாதாரண நெட்வொர்க் கார்டில் அது வராது, ஸ்விட்ச் உதவ வேண்டும் அல்லது இணைப்பின் நடுவே செருகி டிராஃபிக்கை நகலெடுக்கும் தனிக் கருவி வேண்டும். எப்படியோ கோப்பாக வந்துவிட்டால் அப்புறம் எல்லாம் பழகிய இடம்.

ஸ்கசிக்குப் பதிலாக, எஸ்எஸ்டிகளுக்கென்று வந்த என்விஎம்இ கட்டளைகளை நெட்வொர்க்கில் அனுப்பும் என்விஎம்இ ஓவர் டிசிபிக்கு மாறிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 4420 போர்ட்டில் போகும் இந்த டிராஃபிக்கையும் வயர்ஷார்க் பிரிக்கிறது, கமாண்ட் கேப்ஸ்யூல், ரெஸ்பான்ஸ் கேப்ஸ்யூல், ஆர்2டி என்று ஐஸ்கசி பழகியவர்களுக்கு உருவம் தெரிந்த மாதிரியே இருக்கும். கட்டளை 64 பைட், முடிவு 16 பைட். ஆனால் டேப் கதையில் நடந்த அதே ஆபத்து இங்கே வேறு வேடத்தில் நிற்கிறது. கட்டளை எண் 02 என்றால் டேட்டா கட்டளைகள் போகும் ஐஓ க்யூவில் ரீட், நிர்வாகக் கட்டளைகள் போகும் அட்மின் க்யூவில் கெட் லாக் பேஜ். 01 என்றால் ஐஓ க்யூவில் ரைட், 06 என்றால் அட்மின் க்யூவில் ஐடென்டிஃபை. ஒவ்வொரு க்யூவும் ஒரு தனி டிசிபி இணைப்பு, இது எத்தனையாவது க்யூ என்பதை ஆரம்பத்தில் போகும் கனெக்ட் கட்டளை மட்டும்தான் சொல்லும். அதைத் தவறவிட்டால் அடுத்து வரும் எந்தக் கட்டளையிலும் அந்தத் தகவல் இல்லை. ஸ்கசியில் நாமே ஒரு இன்கொயரி அனுப்பிச் சமாளித்தோம், இங்கே அந்த வழி கிடையாது. இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தால்தான் கனெக்ட் மறுபடி வரும், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அதை யார் செய்ய விடுவார்கள்? அதனால் புது என்விஎம்இ அமைப்பை முதல்முறை இணைக்கும்போதே ஒரு கேப்சர் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது. இன்னொன்று, பிளாக் எண்ணிக்கை அங்கே பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கம்பியில் 7 என்று போனால் 8 பிளாக் என்று அர்த்தம். ஸ்கசியில் பழகிய கண் இதில் ஒன்று குறைத்துப் படித்துவிடும்.

சில்லறைக் குறைகளும் உண்டு. இன்ஃபோ நெடுவரிசையில் எல்பிஏ ஹெக்ஸில் இருக்கும், லினக்ஸ் கெர்னல் லாக்கில் செக்டர் எண் தசமத்தில் இருக்கும், ஒவ்வொரு தடவையும் கால்குலேட்டரைத் திறக்க வேண்டியிருக்கிறது. 4096 பைட் பிளாக் உள்ள டிஸ்க் என்றால் கெர்னல் 512 பைட் கணக்கில் சொல்வதால் எட்டால் வகுக்கவும் வேண்டும். ஹெக்ஸ் சி0 முதல் உள்ள எண்களை நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கட்டளைகளுக்கு வைத்துக்கொள்கின்றன, அவற்றுக்கு வயர்ஷார்க்கில் விளக்கம் எதிர்பார்க்க முடியாது. வேண்டுமானால் லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியில் நாமே எழுதிச் சேர்க்கலாம், ஒருமுறை எழுதிப் பார்த்தேன், நினைத்ததைவிட எளிதாகவே இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, என்னிடம் ஸ்டோரேஜ் அர்ரேயும் இல்லை, ஐஸ்கசியும் இல்லை, எப்படிப் பழகுவது என்று கேட்கிறவர்களுக்கு: ஒரு பென் டிரைவ் போதும். அதற்குள் போவதும் ஸ்கசி கட்டளைகள்தான். ஒவ்வொரு கட்டளையும் 31 பைட் உறையில் போகும், முடிவு 13 பைட் உறையில் வரும், நடுவே டேட்டா. லினக்ஸில் யுஎஸ்பிமான் மாட்யூலை ஏற்றினால் வயர்ஷார்க்கில் யுஎஸ்பி பஸ்கள் தெரியும், விண்டோஸில் யுஎஸ்பிபிகேப் வேண்டும். டெஸ்ட் யூனிட் ரெடி, ரீட் கெப்பாசிட்டி, மோட் சென்ஸ், ரீட் 10 என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும், அர்ரேயில் பார்ப்பதற்கும் இதற்கும் அதே டிசெக்டர், அதே புலங்கள், அதே பதில் நேரக் கணக்கு. ஒரு கோப்பை நகலெடுத்து எந்த எல்பிஏவில் எழுதுகிறது என்று பாருங்கள், பாதுகாப்பாக வெளியே எடு என்று கொடுத்தால் என்ன கட்டளை போகிறது என்று பாருங்கள். கேப்சரை மட்டும் பென் டிரைவைச் செருகுவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள், இன்கொயரி முதல் நொடியிலேயே போய்விடும்.